உங்கள் மண்ணுக்கு எந்த அவரை அதிகம் காய்க்கும்? நீங்களே போட்டுப் பார்ப்பது எப்படி

விதைக் கடையில் போய் "நல்ல அவரை கொடுங்க" என்று கேட்டால் அவர்களிடம் எது இருப்பில் இருக்கிறதோ அதுதான் நல்ல அவரை. பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கேட்டால் அவர் போட்டது. பாக்கெட்டின் பின்னால் அச்சடித்திருக்கும் மகசூல் கணக்கைப் பார்த்தால் எல்லா ரகமும் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. மூன்று பேரும் பொய் சொல்லவில்லை, ஆனால் மூன்று பேரும் உங்கள் மண்ணில், உங்கள் கிணற்றுத் தண்ணீரில், உங்கள் பட்டத்தில், அதாவது நீங்கள் விதைக்கிற பருவத்தில், போட்டுப் பார்க்கவில்லை. அதை நீங்கள்தான் செய்ய வேண்டும். மூன்றரை சென்ட் இடமும் ஒரு தராசும் ஒரு நோட்டும் போதும். ஆனால் செய்கிற முறை முக்கியம், ஏனென்றால் ரகத்துக்கொரு வரிசை போட்டுவிட்டு "இது நல்லா காய்ச்சுது, அது சரியில்ல" என்று முடிவுகட்டுவதில் பாதிக்கு மேல் தப்பாகத்தான் போகும்.

ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. ஒரே தோட்டத்துக்குள் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் இருக்கும் வித்தியாசம், பல நேரம் ஒரு ரகத்துக்கும் இன்னொரு ரகத்துக்கும் இருக்கும் வித்தியாசத்தைவிடப் பெரியது. தண்ணீர் நுழைகிற வாய்மடைப் பக்கம் அது நின்று நிதானமாக இறங்கும், கடைசியில் இருக்கிற கடைமடைக்குப் போகும்போது பாதிதான் இருக்கும். போன வருஷம் எருக்குவியல் கிடந்த இடத்தில் எதைப் போட்டாலும் கருகருவென்று வரும். வேலியோரம் வேப்பமரம் இருந்தால் அதன் வேர் எட்டுகிற தூரம் வரைக்கும் செடி சோனியாகத்தான் நிற்கும். இதில் ஒரு ரகத்தை வாய்மடையிலும் இன்னொன்றை வேப்பமரத்தடியிலும் போட்டால் நீங்கள் ஒப்பிடுவது அவரையை இல்லை, வாய்க்காலையும் வேப்பமரத்தையும்.

சரி, எதையெதை ஒப்பிடுவது?

மூன்று ரகம் எடுங்கள், மிஞ்சிப்போனால் நாலு. ஆசைப்பட்டுப் பத்து ரகம் போட்டால் இடம் பெரிதாகிவிடும், இடம் பெரிதானால் மண் வித்தியாசமும் கூடவே பெரிதாகும், ரெண்டாவது பறிப்பிலேயே எடை எழுதுவது நின்றுபோகும். மூன்றில் ஒன்று கட்டாயம் நீங்கள் இப்போது போட்டுக்கொண்டிருக்கிற ரகமாக இருக்க வேண்டும். அது இல்லாமல் இரண்டு புது ரகங்களை மட்டும் ஒப்பிட்டால் எது ஜெயித்தாலும் பழையதை விடலாமா வேண்டாமா என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது.

செடி அவரையையும் பந்தல் அவரையையும் ஒரே சோதனையில் கலக்காதீர்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 13, கோ 14, பெங்களூர் பக்கம் ஹெசரகட்டாவில் இருக்கிற தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ஜெய், அர்கா விஜய் இவையெல்லாம் செடி அவரை, குத்தாக நிற்கும், நாலு மாத சுமாரில் கதை முடிந்துவிடும். பட்டை அவரை, கோழி அவரை என்று ஊரில் பந்தலிலும் வேலியிலும் ஏற்றிவிடுகிற கொடி வகைகள் ஆறேழு மாதம் நின்று காய்க்கும். பக்கத்தில் பக்கத்தில் போட்டால் கொடி ஏறிச் செடியை மூடிவிடும், அதோடு ஒப்பீடும் போச்சு. இரண்டு வகைக்கும் நடுவில் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் தனித்தனியாகப் போட்டு, மொத்த எடையைப் பயிர் நிலத்தில் நின்ற நாள் கணக்கால் வகுத்துப் பாருங்கள், கல்லுக்கால், கம்பி, கட்டுக்கூலி எல்லாவற்றையும் பந்தல் கணக்கில் ஏற்றிய பிறகு. அப்போது பந்தலின் பெரிய மகசூல் அவ்வளவு பெரிதாகத் தெரியாமல் போகலாம், அல்லது நிஜமாகவே பெரிதுதான் என்றும் தெரியலாம். (பெயரில் அவரை இருக்கிறதே என்று மூக்குத்தி அவரையைக் கொண்டுவந்து வரிசையில் சேர்க்க வேண்டாம், அது அவரைக் குடும்பமே கிடையாது.)

பட்டம் ஒரு பெரிய விஷயம், இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் நாட்டுக் கொடி அவரைகளில் பெரும்பாலானவை பகல் குறைந்தால்தான் பூக்கும். கோயம்புத்தூர் அட்சரேகையில் ஆனி மாதத்து நீண்ட பகலுக்கும் மார்கழியின் குட்டைப் பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரம் சொச்சம்தான், ஆனால் அந்தச் செடிக்கு அது போதும். ஆடியில் ஊன்றினால் கொடி ஓடி, மழைக்காலத்தில் பூ வைத்து, மார்கழி தையில் பந்தல் கொள்ளாமல் காய்க்கும். அதே விதையைத் தை மாசியில் ஊன்றினால் பகல் நீண்டுகொண்டே போகும், கொடி பாட்டுக்கு ஓடும், இலை தழைக்கும், காயைக் காணோம் என்று நீங்கள் உரக்கடைக்கு ஓடுவீர்கள். பூ பிடிக்க மருந்து கேட்டு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இதுதான் காரணமோ! அர்கா ஜெய், அர்கா விஜய் மாதிரி ரகங்களைப் பகல் நீளம் பார்க்காமல் பூக்கிற மாதிரிதான் உருவாக்கியிருக்கிறார்கள். ஆகவே எந்தப் பட்டத்தில் பயிர் செய்யப் போகிறீர்களோ அதே பட்டத்தில்தான் சோதனையும் போட வேண்டும். ஆடியில் ஜெயித்த ரகம் தையிலும் ஜெயிக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

விதை விஷயத்தில் ஒரு சின்ன வேலை. ஒன்று புது பாக்கெட், இன்னொன்று இரண்டு வருஷமாகப் பானையில் கிடந்த சொந்த விதை என்றால் போட்டி ஆரம்பிக்கும் முன்னாலேயே முடிந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் 100 விதை எண்ணி ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி வையுங்கள், ஒரு வாரத்தில் எத்தனை முளைத்தது என்று எண்ணுங்கள். ஒன்று 90, இன்னொன்று 55 என்று வந்தால் அந்த 55-ஐ விட்டுவிட்டு வேறு விதை தேடுவது நல்லது. ரைசோபியம் (வேரில் தழைச்சத்தைச் சேர்க்கிற நுண்ணுயிர் உரம்) விதையில் கலக்குகிற பழக்கம் இருந்தால் எல்லா ரகத்துக்கும் ஒரே நாளில், ஒரே பாக்கெட்டிலிருந்து, ஆறின கஞ்சியில் கலந்து நிழலில் உலர்த்துங்கள். கலக்கிற பழக்கம் இல்லை என்றால் எதற்கும் வேண்டாம். உரத்துக்கும் மருந்துக்கும் இதே நியாயம்தான். சாறு உறிஞ்சுகிற அசுவினிப் பூச்சிக்கு ஒரு பாத்தியில் மட்டும் வேப்பெண்ணெய் அடித்துவிட்டு அந்தப் பாத்தியைத் தூக்கிவைத்துப் பேசக் கூடாது. நீங்கள் வழக்கமாக மருந்தே அடிக்காத ஆள் என்றால் சோதனையிலும் அடிக்காதீர்கள், உங்கள் முறையில் எது தாங்குகிறது என்பதுதானே உங்களுக்குத் தெரிய வேண்டும்.

பாத்தி போடுவது

செடி அவரைக்கு வரிசைக்கு வரிசை 2 அடி, செடிக்குச் செடி 1 அடி என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஒரு பாத்தி 10 அடிக்கு 10 அடி, அதில் 5 பார் (வரிசை), பாருக்கு 10 செடி, ஆக 50 செடி. மூன்று ரகம், ஒவ்வொன்றும் நாலு இடத்தில், மொத்தம் 12 பாத்தி. நடைபாதை, வாய்க்கால் எல்லாம் சேர்த்து மூன்றரை சென்ட்டுக்குள் அடங்கிவிடும். குழிக்கு இரண்டு விதை ஊன்றி, முளைத்துப் பத்துப் பதினைந்து நாளில் நல்ல செடி ஒன்றை விட்டு மற்றதைப் பிடுங்குங்கள். ரகத்துக்குக் கால் கிலோ விதை இருந்தால் தாராளம்.

இப்போது நிலத்தைப் பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் நுழைகிறது, எந்தப் பக்கம் சரிகிறது, எங்கே நிழல் விழுகிறது. வாய்மடையிலிருந்து கடைமடை வரைக்கும் நிலத்தை நாலு துண்டாக மனசுக்குள் வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் மூன்று ரகமும் ஒவ்வொரு பாத்தி இருக்க வேண்டும். ஒரு துண்டுக்குள் இருக்கிற மூன்று பாத்திக்கும் மண்ணும் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால் போதும், முதல் துண்டுக்கும் நாலாவது துண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் இருந்தாலும் பரவாயில்லை. சொட்டு நீர் போட்டிருப்பவர்களும் இதை விட்டுவிடக் கூடாது, குழாயின் தலைப்பக்கம் ஒழுகும் அளவும் வால்பக்கம் ஒழுகும் அளவும் ஒன்று என்று நினைக்கிறீர்களா? ஒரு டம்ளரை வைத்து அளந்து பாருங்கள்.

துண்டுக்குள் எந்த ரகம் எந்தப் பாத்தியில் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் நம் கை தானாகவே பிடித்த ரகத்தை நல்ல இடத்தில் கொண்டுபோய் வைக்கும், புது விதைக்கு விலை அதிகம் கொடுத்திருந்தால் இன்னும் நிச்சயமாக வைக்கும். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்கிற பழைய ஆராய்ச்சிப் பண்ணையில் ஃபிஷர் என்கிற கணிதக்காரர் 1920-களில் உட்கார்ந்து யோசித்து வயல் சோதனைக்கு வகுத்த முறை இதுதான், இன்றைக்கும் எல்லா வேளாண் கல்லூரியிலும் ரகம் வெளியிடும் முன் இப்படித்தான் போடுகிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகக் குலுக்க வேண்டும், ஒரு தடவை குலுக்கிவிட்டு அதையே நாலு துண்டுக்கும் போட்டால் பிரயோஜனம் இல்லை.

குலுக்கி முடித்ததும் நோட்டில் படம் வரைந்துவிடுங்கள். குச்சியில் எழுதி நடுவதும் வேண்டும்தான், ஆனால் மார்க்கர் மை ஒரு மாத வெயிலில் வெளுத்துப் போகும், ஆடு மாடு தட்டிவிடும், பிள்ளைகள் பிடுங்கி விளையாடும். வடக்கு எது, வாய்க்கால் எது என்று குறித்த படம் இருந்தால் குச்சி எல்லாம் போனாலும் கவலை இல்லை. குச்சியில் ரகத்தின் பெயரை எழுதாமல் 1 முதல் 12 வரை நம்பர் மட்டும் போட்டால் இன்னும் நல்லது, பறிக்கிறவர்களுக்கு எது எது என்று தெரியாது. தெரிந்தால் கை மாறும்.

பறிப்பும் எடையும்

எடை போடும்போது 50 செடியையும் சேர்க்கக் கூடாது. ஓரத்துச் செடிக்கு வெளிச்சமும் காற்றும் அதிகம், வேருக்கு இடம் அதிகம், நடுவில் நிற்பதைவிட எப்போதும் கூடுதலாகக் காய்க்கும். அதுபோகப் பக்கத்துப் பாத்திக்காரன் உயரமாக வளர்ந்தால் நிழலும் இந்த ஓரத்தில்தான் விழும். ஆகவே இரண்டு ஓரப் பாரையும், நடுவிலிருக்கும் மூன்று பாரில் இரு முனையிலும் ஒவ்வொரு செடியையும் கணக்கில் விடுங்கள். மீதி 3 பார், பாருக்கு 8 செடி, 24 செடி. இதுதான் கணக்குச் செடி. ஓரத்துக் காயை முதலில் பறித்து வீட்டுக்கோ சந்தைக்கோ அனுப்பிவிட்டு, பிறகு கணக்குச் செடியில் கை வையுங்கள். கலந்துவிடாமல் இருக்க இதுதான் எளிய வழி.

இரண்டு ஆள் பறித்தால் "நீ இந்த ரகம், நான் அந்த ரகம்" என்று பிரிக்காதீர்கள். ஒருவர் பிஞ்சையும் சேர்த்துப் பறிப்பார், இன்னொருவர் முற்ற விடுவார், அந்த வித்தியாசம் எல்லாம் ரகத்தின் தலையில் விழும். துண்டு வாரியாகப் பிரியுங்கள், ஒரு துண்டின் மூன்று பாத்தியும் ஒரே ஆள், ஒரே நாள். நடுவில் மழை வந்தால் தொட்ட துண்டை மட்டும் எப்படியாவது முடித்துவிட்டு நிறுத்தலாம்.

ஐந்து நாளைக்கு ஒரு தடவையோ வாரம் ஒரு தடவையோ, உங்கள் சந்தை நாளுக்குத் தோதாகப் பறியுங்கள், ஆனால் எல்லாப் பாத்திக்கும் ஒரே கணக்கு. பறித்த காயை வெயிலில் வைத்திருந்து மத்தியானம் எடை போடாமல் உடனே போடுங்கள். விற்கிற காய் தனி, முற்றல், சொத்தை, புழு விழுந்தது தனி என்று இரண்டு எடை எழுத வேண்டும். மொத்த எடையில் முன்னால் நிற்கிற ரகம் காய்ப்புழுவுக்கு இனிப்பாக இருந்து, விற்கிற எடையில் பின்னால் போவது சாதாரணமாக நடக்கிற சங்கதி. அதைப் பறிக்கும்போதே பிரித்தால்தான் தெரியும், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு மூட்டை போய்ச் சேர்ந்த பிறகு கமிஷன் கடைக்காரர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டாம்.

ஒவ்வொரு பறிப்பின் தேதியையும் எழுதுங்கள். முதல் பறிப்பு பத்து நாள் முந்தி வருகிற ரகம் மொத்தத்தில் கொஞ்சம் குறைந்தாலும் விலையில் ஈடுகட்டிவிடும், ஏனென்றால் ஊரெல்லாம் அவரை வருகிற வாரத்தில் விலை என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அப்புறம் முதல் பறிப்பின்போதும் கடைசிப் பறிப்பின்போதும் கணக்குச் செடி 24-இல் எத்தனை உயிரோடு நிற்கிறது என்று எண்ணி எழுதுங்கள். இதை யாரும் செய்வதில்லை, ஆனால் கடைசியில் இதுதான் கைகொடுக்கும். எப்படி என்று கீழே பாருங்கள்.

கணக்கு

எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. அ, ஆ, இ என்று மூன்று ரகம், ஒவ்வொரு பாத்தியிலும் எல்லாப் பறிப்பும் சேர்ந்து விற்கிற காய் இத்தனை கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்மடைத் துண்டிலிருந்து கடைமடை வரைக்கும் வரிசையாக அ ரகம் 4.2, 3.8, 3.1, 1.9. ஆ ரகம் 3.4, 3.1, 2.3, 1.2. இ ரகம் 4.6, 2.0, 3.6, 2.2.

முதலில் அ-வையும் ஆ-வையும் பாருங்கள். அ ரகம் வாய்மடையில் 4.2, அதே அ ரகம் கடைமடையில் 1.9, பாதிகூட இல்லை. ரகம் மாறவில்லை, இடம்தான் மாறியது. ஆனால் துண்டு துண்டாகக் கழித்துப் பார்த்தால் அ ரகம் ஆ-வைவிட 0.8, 0.7, 0.8, 0.7 கிலோ கூடுதல். நாலு இடத்திலும் முந்துகிறது, அதுவும் கிட்டத்தட்ட ஒரே அளவு. இப்படி வந்தால் நம்பலாம். ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரே ஒரு பாத்தி போட்டு, ஆ வாய்மடையிலும் அ கடைமடையிலும் அமைந்திருந்தால் 3.4-க்கு 1.9 என்று ஆ ரகம் அமோகமாக ஜெயித்திருக்கும், நீங்களும் அடுத்த வருஷம் ஒரு ஏக்கருக்கு அதை வாங்கிப் போட்டிருப்பீர்கள்.

நாலிலும் ஜெயித்தால் நூற்றுக்கு நூறு நிச்சயமா என்றால், இல்லை. சம பலமுள்ள இரண்டு ரகத்தில் ஏதோ ஒன்று அதிர்ஷ்டத்திலேயே நாலு துண்டிலும் முந்துவதற்கு எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. ஆறு துண்டு போட்டால் அது முப்பத்திரண்டில் ஒன்றாகக் குறையும். இடம் இருந்தால் ஆறு போடுங்கள். மூன்று துண்டில் ஜெயித்து ஒன்றில் தோற்றது என்றால், அதுவும் வித்தியாசம் ஒரு துண்டில் 0.1, இன்னொன்றில் 0.9 என்று தாறுமாறாக இருந்தால், இரண்டும் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டு விதை எது சல்லிசு, எது சமையலுக்கு ருசி என்று பார்த்து முடிவெடுங்கள்.

இப்போது இ ரகம். சராசரி 3.1, அ-வின் சராசரி 3.25. சராசரியை மட்டும் பார்த்தால் அ முன்னால். ஆனால் துண்டு வாரியாகப் பார்த்தால் இ மூன்று இடத்தில் அ-வை முந்தியிருக்கிறது, இரண்டாவது துண்டில் மட்டும் 2.0 என்று சரிந்திருக்கிறது. நோட்டைத் திருப்பினால் அந்தப் பாத்தியில் 24-க்கு 11 செடிதான் நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் நின்றது 11 என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முளைத்த வாரத்தில் மயில் வந்து கொத்திப் பிடுங்கியது என்றால் அது ரகத்தின் குற்றம் இல்லை, அந்தத் துண்டை ஒதுக்கிவிட்டு மற்ற மூன்றை வைத்துப் பேசலாம், இ ரகத்துக்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்க வேண்டும். வேர் அழுகி ஒவ்வொன்றாகச் சாய்ந்தது என்றால், அதுவும் பக்கத்தில் அ ரகம் ஒன்றும் ஆகாமல் நிற்கும்போது இது மட்டும் சாய்ந்தது என்றால், ஒதுக்கவே கூடாது, ஈரம் தாங்காத ரகமோ என்று சந்தேகப்பட வேண்டும். மிஞ்சின 11 செடியின் விளைச்சலை 24-க்கு ஏற்றிக் கணக்குப் போடுகிற ஆசை வரும், வேண்டாம். இடம் காலியானதும் மிஞ்சின செடிக்கு இடமும் சாரமும் கூடுதலாகக் கிடைத்திருக்கும், கணக்கு ஊதிப்போகும்.

ஏக்கருக்கு எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், கணக்குச் செடி நின்ற இடம் 6 அடிக்கு 8 அடி, 48 சதுர அடி. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி, ஆக 907-ஆல் பெருக்குங்கள். அ ரகம் ஏக்கருக்கு ஏறக்குறைய 2950 கிலோ, ஆ ரகம் ஏறக்குறைய 2270. இதைக் கொண்டுபோய் யாரிடமும் பெருமை பேச வேண்டாம், ஏக்கரில் வரப்பும் வாய்க்காலும் இருக்கிறது, சின்னப் பாத்தியில் காட்டின கவனத்தை ஏக்கர் பூராவும் காட்ட யாராலும் முடியாது. எது முந்தியது, எவ்வளவு முந்தியது என்பதற்கு மட்டும் இந்தக் கணக்கு.

ஒரு பட்டத்தோடு முடிவுகட்டிவிடாதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்துப் பூவெல்லாம் கொட்டின வருஷத்தில், லேட்டாகப் பூக்கிற ரகம் தப்பித்துக்கொண்டு முதலிடத்தில் வந்து நிற்கும், அடுத்த வருஷம் மழை சீராகப் பெய்தால் அதே ரகம் கடைசிக்குப் போகும். மழை எந்த வாரம் பெய்தது, பூ எப்போது வந்தது என்று நோட்டில் ரெண்டு வரி இருந்தால் இதைப் பிரித்துப் பார்க்க முடியும். முதல் பட்டத்தில் தெளிவாகத் தோற்றதைக் கழித்துவிட்டு, முன்னால் வந்த இரண்டையும் உங்கள் பழைய ரகத்தையும் இன்னும் இரண்டு தடவை அதே பட்டத்தில் போடுங்கள், ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சீட்டுக் குலுக்கி.

சோதனைப் பாத்தியிலிருந்தே விதை எடுக்க நினைத்தால் ஒன்று மட்டும் கவனியுங்கள். அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கிற பயிர்தான், இருந்தாலும் தேனீ உள்ளே நுழைந்து கொஞ்சம் கலந்துவிடும், மூன்று ரகம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது கேட்கவே வேண்டாம். ஓரத்துச் செடியில் எடுக்காமல் பாத்தி நடுவில் நல்ல செடி நாலைந்தில் துணியைக் கட்டி அடையாளம் வைத்து விடலாம் என்று தோன்றும், ஆனால் கணக்குச் செடியில் காயை முற்ற விட்டால் எடைக் கணக்கு கெடும். அதனால் ஜெயிக்கும் போலத் தெரிகிற ரகத்தை வீட்டுப் பக்கம் தனியாக ஒரு பத்துச் செடி, மற்ற அவரையிலிருந்து தள்ளி, விதைக்கென்றே ஊன்றி வைத்துவிடுங்கள்.